எல்லைப்புற நீதிபதிகள்: ஞாயிறு கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவின் எல்லைப்புற நீதிபதிகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நடை விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் முழுக்கத் தூக்குமரமும் துப்பாக்கியும், நீதிபதியைத்தான் காணோம். போதாக்குறைக்கு, பிரதேச நீதிபதிக்கு, அதாவது இன்னும் மாநிலமாகாத பகுதியின் நீதிபதிக்கு, உதாரணமாகக் காட்டிய இரண்டு பேரும் பிரதேச நீதிபதிகளே அல்ல.

முதலில் ஐசக் பார்க்கர். ஃபோர்ட் ஸ்மித் ஊரில் 1875 முதல் 1896 வரை இருந்தார், 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் ஃபோர்ட் ஸ்மித் இருப்பது ஆர்கன்சாவில். அது 1836-லேயே மாநிலமாகிவிட்டது. பார்க்கர் அமர்ந்தது கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில். அரசியல் சட்டத்தின் 3-ம் பிரிவு தரும் ஆயுட்காலப் பதவி அது. பக்கத்தில் கிடந்த இந்தியன் டெரிட்டரியை, அதாவது 'இந்தியர்' என்று அழைக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய சுமார் 74,000 சதுர மைல் நிலத்தை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த நீதிமன்றத்தோடு ஒட்டிவிட்டிருந்தது. கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் அன்றைய கூட்டாட்சிச் சட்டத்தில் மரணம் ஒன்றுதான் தண்டனை. ஜூரி 'குற்றவாளி' என்று சொல்லிவிட்டால் குறைத்துக் கொடுக்க அவர் கையில் எதுவும் இல்லை. 1889 வரை மேல்முறையீடும் கிடையாது. 'தூக்கு நீதிபதி' பட்டத்தில் பாதியைச் சட்டம் எழுதிய காங்கிரசுக்குத்தான் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: ஜனாதிபதி கிராண்ட் பார்க்கரின் பெயரை முதலில் அனுப்பியது யூட்டா பிரதேசத் தலைமை நீதிபதிப் பதவிக்கு. பார்க்கர் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஃபோர்ட் ஸ்மித்துக்கு மாற்றினார்கள். எந்த நாற்காலி ஆட்டம் காணாதது என்று தெரிந்தவர் யாரும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

அடுத்தவர் ராய் பீன். டெக்சஸில் லாங்ட்ரி ஊரில் சாராயக்கடையை நடத்திக்கொண்டே 1882 முதல் சமாதான நீதிபதியாக, அதாவது சில்லறை வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதியாக, இருந்தவர். டெக்சஸ் 1845-ல் நேரடியாக மாநிலமாகச் சேர்ந்தது. அமெரிக்காவின் 'பிரதேசம்' என்ற நிலையில் ஒருநாள்கூட இருந்ததில்லை. பீன் யாரையும் தூக்கிலிட்டதாகப் பதிவும் இல்லை. இவரை இத்தோடு விட்டுவிடலாம்.

பிரதேச நீதிபதி என்பவர் வேறு ஜாதி. மாநிலத் தகுதி இன்னும் கிடைக்காத, வாஷிங்டன் நேரடியாக ஆண்ட பகுதிகளுக்கு ஜனாதிபதி நியமித்து, செனட் ஒப்புதல் கொடுத்து அனுப்பிய அதிகாரி அவர். 1787-ம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டத்தில் தொடங்குகிறது இந்த ஏற்பாடு: ஒரு ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். நீதிபதிக்குப் பிரதேசத்தில் 500 ஏக்கர் சொந்த நிலம் இருக்க வேண்டும். 1789-ல் நிர்ணயித்த சம்பளம் ஆண்டுக்கு 800 டாலர். சட்டமன்றம் உருவாகும்வரை ஆளுநரும் நீதிபதிகளும் சேர்ந்தே சட்டமும் கொண்டுவர வேண்டும். அதுவும் புதிதாக இயற்றக் கூடாது, ஏற்கனவே உள்ள மாநிலங்களின் சட்டப் புத்தகங்களிலிருந்து பொறுக்கி எடுக்கத்தான் அனுமதி. காட்டில் ஓநாய்க்குப் பரிசு அறிவிக்கவும் கிழக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் அதற்கு முன்மாதிரி இருக்கிறதா என்று தேட வேண்டிய நிலை.

அந்த முதல் நீதிபதிகளுக்கு 'நன்னடத்தை உள்ளவரை' பதவி. பின்னால் வந்த பிரதேசங்களில் அது நாலு வருடமாகச் சுருங்கியது. இந்த நாலு வருடம் செல்லுமா என்ற கேள்விக்கு 1828-ல் பதில் வந்தது. ஃப்ளோரிடா பிரதேசத்து வழக்கு ஒன்றில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், பிரதேச நீதிமன்றங்கள் அரசியல் சட்டத்தின் 3-ம் பிரிவில் பிறந்தவை அல்ல, பிரதேசங்களை ஆளும் அதிகாரத்தைக் கொண்டு காங்கிரஸ் உண்டாக்கியவை என்றார். ஆயுட்காலப் பாதுகாப்பு இல்லை. சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் இல்லை. ஜனாதிபதி நாலு வருடம் முடியும்முன்னரே ஆளை மாற்றலாம், மாற்றினார்கள். அலாஸ்காவில் அப்படி நீக்கப்பட்ட ஒரு நீதிபதி வழக்குப் போட்டும் 1891-ல் உச்ச நீதிமன்றம் ஜனாதிபதி பக்கமே நின்றது. கட்டுரையில் வரும் 'எதற்கும் அஞ்சாத தனிக்காட்டு ராஜா' என்ற சித்திரம் இந்த ஒரு விஷயத்திலேயே கலைந்துவிடுகிறது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் பெட்டியைக் கட்ட வேண்டியவர் அவர்.

இனி வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1830-களுக்குப் பிறகு வந்த பிரதேசங்களின் அமைப்புச் சட்டங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு தலைமை நீதிபதி, இரண்டு இணை நீதிபதிகள். பிரதேசத்தை மூன்று மாவட்டமாக வெட்டி ஆளுக்கு ஒன்று. ஆண்டு முழுவதும் அவரவர் மாவட்டத்தில் தனித்தனியே விசாரணை. ஆண்டுக்கு ஒருமுறையாவது மூவரும் தலைநகரில் கூடினால் அதுவே பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம். அவர்களுக்குக் கீழே கவுண்டி என்ற சிறு நிர்வாகப் பிரிவுகளில் சமாதான நீதிபதிகளும், உயில், வாரிசுச் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் மரபுரிமை நீதிபதிகளும். நிலத்தின் எல்லை, உரிமை பற்றிய தகராறுகளைச் சமாதான நீதிபதி தொடக் கூடாது. கடன் வழக்கென்றால் பெரும்பாலும் 100 டாலர்தான் உச்சவரம்பு.

நீதிமன்றத்தின் ஒரு கூட்டத்தொடர் தொடங்கும்முன் மார்ஷல் என்ற ஒன்றிய அரசின் காவல் அதிகாரி ஜூரிக்கு ஆள் திரட்ட வேண்டும். குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் கிராண்ட் ஜூரிக்கு அதிகபட்சம் 23 பேர். அவர்களில் 12 பேர் ஒப்பினால்தான் ஒருவர்மேல் குற்றச்சாட்டு நிற்கும். பிறகு விசாரணை ஜூரிக்கு 12 பேர். குடியேற்றமே சில நூறு பேர்தான் என்கிற சுரங்க ஊரில் இந்தக் கணக்கை நிரப்புவதே பெரும்பாடு. நிரப்பினாலும், கொலையைக் கண்ணால் பார்த்தவன், செத்தவனின் கூட்டாளி, குற்றவாளிக்குக் கடன் கொடுத்தவன் எல்லாரும் அதே பட்டியலில் இருப்பார்கள். கிராண்ட் ஜூரி பதவியேற்றதும் நீதிபதி அவர்களுக்கு உரை நிகழ்த்துவார். அந்த உரைதான் ஊருக்கு அரசாங்கம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு.

மொன்டானாவின் முதல் தலைமை நீதிபதி ஹெசக்காயா ஹோஸ்மர் 1864 டிசம்பரில் வர்ஜீனியா சிட்டியில் தன் முதல் கூட்டத்தொடரைத் தொடங்கியது ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில். அதே ஆண்டின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் சட்டத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டவர்களின் கண்காணிப்புக் குழு ஷெரீஃப் ஹென்றி பிளம்மர் உட்பட சுமார் 20 பேரைத் தூக்கில் போட்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் கயிறு பிடித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது ஹோஸ்மருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் அந்தக் குழுவைத் திட்டவில்லை. நீதிமன்றம் இல்லாத காலத்தில் நடந்தது நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு, இனி திடீர்த் தூக்குமேடைகள் வேண்டாம், குற்றத்தை இங்கே கொண்டுவாருங்கள் என்றார். சட்டப்படி பார்த்தால் கொலைக் குற்றத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது அது. அன்றைக்கு அவரிடம் சிறை இல்லை, படை இல்லை, முழுமையான சட்டத் தொகுப்பும் இல்லை. வேறென்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தொடரின் முதல் ஆறு நாள், அல்லது அதில் தேவைப்படும் அளவு, அமெரிக்க ஒன்றியத்தின் சட்டப்படியான வழக்குகளுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று அமைப்புச் சட்டமே சொல்லியது. அதன் பிறகு அதே அறை, அதே மேசை, அதே நீதிபதி. ஆனால் இப்போது அவர் பிரதேசச் சட்டத்தின் நீதிபதி. ஒரே ஆள் இரண்டு தொப்பி மாற்றிக்கொள்வதைப் போன்றது. எந்தத் தொப்பியில் எந்த வழக்கு என்பதில் தவறினால் தண்டனையே செல்லாது. செலவுக் கணக்கும் இதை வைத்துத்தான்: முதல் வகைக்கு வாஷிங்டன் பணம், இரண்டாம் வகைக்குப் பிரதேசமும் கவுண்டியும் கொடுக்க வேண்டும். கஜானா காலியான கவுண்டியில் ஜூரிக்குக் கிடைப்பது பணமல்ல, கடன் சீட்டு. அதைக் கடைக்காரர் முழு மதிப்புக்கு வாங்க மாட்டார்.

இந்த இரண்டு தொப்பி விவகாரத்தைப் புரிந்துகொள்ள உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன ஜாக் மெக்கால் வழக்கு போதும். 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்த பிரபல துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கைப் பின்னாலிருந்து சுட்டவன் மெக்கால். மறுநாளே சுரங்கத் தொழிலாளர்கள் கூடி ஒரு நீதிமன்றம் அமைத்து விசாரித்து அவனை விடுதலை செய்தார்கள். 'அதே குற்றத்துக்கு மறுபடி விசாரித்துத் தூக்கில் போட்டது எல்லைப்புற அராஜகம்' என்கிறார் கட்டுரையாளர். அராஜகம் முதல் விசாரணைதான். டெட்வுட் அப்போது 1868-ம் ஆண்டு ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி சூ இந்தியர்களுக்கு உரிய நிலத்தில் இருந்தது. அங்கே குடியேறியதே சட்டவிரோதம். அந்தக் குடியேறிகள் கூட்டிய நீதிமன்றத்துக்கு ஏது அதிகாரம்? அதிகாரமில்லாத மன்றம் கொடுத்த விடுதலை, விடுதலையே அல்ல. எனவே 'ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது' என்ற விதி எழவே இல்லை. இந்தியர் நிலத்தில் நடந்த கொலை என்பதால் அது ஒன்றியச் சட்டத் தொப்பியில் வந்தது. யாங்க்டனில், டகோட்டா தலைமை நீதிபதி பீட்டர் ஷானன் முன்னிலையில், 1876 டிசம்பரில் விசாரணை. 1877 மார்ச் 1 அன்று தூக்கு. டெட்வுட் இருந்த கருங்குன்றுகளைச் சூ மக்களிடமிருந்து பறிக்கும் சட்டம் நிறைவேறியது 1877 பிப்ரவரி 28. மெக்காலைத் தூக்கில் போட அடிப்படையாக இருந்த 'இது இந்தியர் நிலம்' என்ற வாதம், அவன் தொங்குவதற்கு முந்தைய நாள்வரைதான் உண்மையாக இருந்தது.

அதே டகோட்டாவில் இன்னொரு வழக்கில் தொப்பி மாறிப்போனது. 1881-ல் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய ரோஸ்பட் ஒதுக்கிடத்தில் குரோ டாக் என்பவர் சூ தலைவர் ஸ்பாட்டட் டெய்லைக் கொன்றார். இரு குடும்பங்களும் தங்கள் வழக்கப்படி பேசி முடித்தன: 600 டாலர், 8 குதிரை, ஒரு கம்பளி. விவகாரம் தீர்ந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் 1882-ல் டெட்வுட் நீதிமன்றத்தில் நீதிபதி கிடியன் மூடி முன் விசாரணை நடந்து மரண தண்டனை வந்தது. 1883 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியர் ஒருவர் இன்னொரு இந்தியரை ஒதுக்கிடத்தில் கொன்றதை விசாரிக்கக் காங்கிரஸ் அதிகாரம் கொடுக்கவில்லை என்பது காரணம். குரோ டாக் வீடு திரும்பினார். காங்கிரஸ் 1885-ல் கொலை உட்பட 7 குற்றங்களைப் பட்டியலிட்டு அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது.

மேல்முறையீட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. என் கணக்கில் இந்த அமைப்பின் மிகப் பெரிய ஓட்டையே அதுதான். மாவட்டத்தில் தீர்ப்புச் சொன்ன அதே நீதிபதி, தலைநகரில் மூவர் அமர்வில் அதே தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டையும் கேட்பார். அதைத் தடுக்க விதி இல்லை. மூவரில் இருவர் இருந்தாலே மன்றம் கூடலாம் என்று பல அமைப்புச் சட்டங்கள் சொன்னதால் சிக்கல் இன்னும் கூடும். ஒருவர் விடுப்பில் கிழக்கே போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருவர், அதில் ஒருவர் தீர்ப்பெழுதியவர். மற்றவர் 'தவறு' என்கிறார், இவர் 'சரி' என்கிறார். ஓட்டு சமம். சமமானால் கீழ்த் தீர்ப்பு அப்படியே நிற்கும். அதாவது தோற்றவர், தன்னைத் தோற்கடித்தவரையே தோற்கடிக்க வேண்டும். 1880-களை ஒட்டித்தான் காங்கிரஸ் சில பிரதேசங்களுக்கு நாலாவது நீதிபதியைக் கொடுத்து, தன் தீர்ப்பைத் தானே மறுவிசாரணை செய்வதற்கு முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கியது.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம். ஆனால் யூட்டா, கான்சஸ், நெப்ராஸ்கா போன்ற பிரதேசங்களில் வழக்கின் மதிப்பு 1,000 டாலரைத் தாண்ட வேண்டும். குற்ற வழக்குக்கு அந்த வழி பொதுவாகக் கிடையாது. 999 டாலர் மாட்டு மந்தைக்குக் கிடைக்காத மேல்முறையீடு உயிருக்கும் கிடைக்கவில்லை. யூட்டாவுக்கு மட்டும் 1874-ல் போலந்து என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் அழைக்கப்பட்ட சட்டம் மரண தண்டனைக்கும் பலதார மண வழக்குக்கும் வழி திறந்தது. துப்பாக்கியால் சுட்டுக் கொல்லும் தண்டனை செல்லும் என்று 1879-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வில்கர்சன் வழக்கு அந்த வழியாகத்தான் மேலே போனது.

சம்பளத்தைச் சொல்லாமல் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1850-ல் யூட்டாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஆண்டுக்கு 1,800 டாலர். 1860-களில் ஐடஹோ, மொன்டானாவில் 2,500, 1870-ல் 3,000. தாளில் பார்த்தால் மோசமில்லை. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அது 'கிரீன்பேக்' என்ற காகிதப் பணமாக வந்தது. சுரங்க ஊரில் புழங்கியதோ தங்கத் தூள். 1864-ன் மத்தியில் அந்தக் காகித டாலருக்குத் தங்கத்தில் பாதி மதிப்புகூட இல்லை. 1865 வசந்தத்தில் வர்ஜீனியா சிட்டியில் மாவு மூட்டை 100 டாலரைத் தொட்டு, ஊரில் மாவுக் கலவரமே நடந்தது. இந்த நிலையில் மொன்டானா சட்டமன்றம் நீதிபதிகளுக்குத் தன் பங்காகக் கூடுதல் தொகை கொடுக்க முன்வந்தது. கருணையாகத் தோன்றும், ஆனால் கொடுக்கிற கை எடுக்கவும் செய்யும். தீர்ப்புகள் பிடிக்காமல் போனதும் அந்தத் தொகையில்தான் முதலில் கை வைத்தார்கள்.

சம்பளத்தைவிடக் கூர்மையான ஆயுதம் வரைபடம். எந்த நீதிபதி எந்த மாவட்டம் என்பதை ஆரம்பத்தில் ஆளுநரும் பிறகு சட்டமன்றமும் தீர்மானிக்கலாம். ஐடஹோவின் முதல் தலைமை நீதிபதி சிட்னி எட்ஜர்ட்டனை லிங்கன் 1863-ல் அனுப்பினார்; ஆளுநர் வாலஸ் அவருக்கு ஒதுக்கியது தலைநகர் லூயிஸ்டனிலிருந்து மலைத்தொடருக்கு அப்பால், பானக் தங்கவயல் இருந்த கிழக்கு மாவட்டத்தை. எட்ஜர்ட்டன் சும்மா இருக்கவில்லை. மறு வருடமே வாஷிங்டன் போய், மலைக்குக் கிழக்கே தனிப் பிரதேசம் வேண்டும் என்று வாதாடினார். மே 26 அன்று மொன்டானா பிறந்தது, அவரே அதன் முதல் ஆளுநர். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வயோமிங்கில் நீதிபதி பெக்கின் இழுத்தடிக்கும் விசாரணை முறையும் அதற்கான செலவும் வழக்கறிஞர்களுக்கும் சட்டமன்றத்துக்கும் பிடிக்கவில்லை. நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனவே 1877-ல் மாவட்ட எல்லைகளை மாற்றி வரைந்து, கவுண்டி நிர்வாகமே இன்னும் அமையாத, குடியேறிகள் என்று சொல்லும்படி ஆளில்லாத இரண்டு கவுண்டிகளை அவருக்குக் கொடுத்தார்கள். பதவி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வழக்குத்தான் இல்லை. 'சேஜ்பிரஷ்' என்பது அந்த வறண்ட சமவெளியில் மண்டும் புதர். வேண்டாத நீதிபதியைப் புதருக்குத் துரத்துவதற்கு அந்தப் பெயரையே வினைச்சொல்லாக்கிக்கொண்டார்கள் உள்ளூர்க்காரர்கள்.

ஆளுநரோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் பிரதேசம் (தலைநகர் அல்ல, நாட்டின் வடமேற்கு மூலையில் இருந்த பிரதேசம்) சாட்சி. 1856-ல் பழங்குடிகளோடு நடந்த போரின்போது ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் பியர்ஸ் கவுண்டியில் ராணுவச் சட்டம் அறிவித்தார். தலைமை நீதிபதி எட்வர்ட் லாண்டர் அதை மதிக்காமல் மே மாதம் ஸ்டைலக்கம் ஊரில் நீதிமன்றத்தைத் திறந்தார். ஆளுநரின் தொண்டர்படை அவரை நாற்காலியிலிருந்தே கைது செய்தது. சில நாளில் வேறு கவுண்டியில் திறந்தார். ராணுவச் சட்டம் அங்கும் வந்தது, மறுபடி கைது. எல்லாம் அடங்கிய பிறகு லாண்டர் ஆளுநருக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 50 டாலர் அபராதம் போட்டார். ஜனாதிபதியின் முடிவு தெரியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டல்லவா? ஸ்டீவன்ஸ் அதை எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொண்டார்.

மொன்டானாவில் இதே அதிகாரம் ஓர் உயிரைக் குடித்தது. சீட்டாட்டத் தகராறில் ஒருவரைக் கொன்ற ஜேம்ஸ் டேனியல்சுக்கு நீதிபதி லைமன் மன்சன் மூன்றாண்டுச் சிறை விதித்தார். பொறுப்பு ஆளுநர் தாமஸ் மீகர் தண்டனையை நிறுத்திவைத்து அவரை வெளியே விட்டார். அந்த உத்தரவு செல்லாது, திரும்பப் பெறுங்கள் என்று மன்சன் நேரில் எடுத்துச் சொன்னார். அதற்குள் 1866 மார்ச் தொடக்கத்தில் டேனியல்ஸ் ஹெலெனாவுக்குத் திரும்பிவிட, கண்காணிப்புக் குழு அன்றிரவே அவரைத் தொங்கவிட்டது. ஆளுநரின் உத்தரவு டேனியல்சின் பையிலேயே இருந்தது.

நீதிபதிகளும் தப்பவில்லை. நியூ மெக்சிகோ தலைமை நீதிபதி ஜான் ஸ்லௌ 1867 டிசம்பரில் சாண்டா ஃபே ஹோட்டல் ஒன்றில் சுடப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். சுட்டவர் கொள்ளைக்காரர் அல்ல, சட்டமன்ற உறுப்பினர் வில்லியம் ரைனர்சன். ஸ்லௌவைக் கண்டிக்கும் தீர்மானம் கொண்டுவந்தவர். ஸ்லௌ அவரைப் பொது இடத்தில் வசைபாடியதுதான் உடனடிக் காரணம். தற்காப்பு என்று சொல்லி ரைனர்சன் விடுதலையானார். கட்டுரையில் வருவதுபோல முகமூடிக் கும்பலிடமிருந்து மட்டும் ஆபத்து வரவில்லை.

ஜூரித் தேர்வில் பிழை செய்தால் எவ்வளவு பெரிய கட்டடம் சரியும் என்பதற்கு யூட்டாவின் ஜேம்ஸ் மெக்கீன். மார்மன் என்ற மதப் பிரிவினர் நிறைந்த ஊரில் பிரதேசச் சட்டப்படி ஜூரிப் பட்டியல் போட்டால் மார்மன்களே வருவார்கள் என்று, ஒன்றியத்தின் மார்ஷலை விட்டுத் தெருவிலிருந்து ஆள் பொறுக்க வைத்தார். அப்படி அமைந்த ஜூரி, சால்ட் லேக் சிட்டி காவலர்கள் உடைத்தெறிந்த சாராயச் சரக்குக்காக வியாபாரி எங்கல்பிரெக்டுக்கு 59,000 டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. 1872 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: இது பிரதேச நீதிமன்றம், ஒன்றிய நீதிமன்றமல்ல, ஜூரியைப் பிரதேசச் சட்டப்படிதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு தீர்ப்பில், அதே முறையில் அமைந்த கிராண்ட் ஜூரிகள் கொண்டுவந்த சுமார் 130 குற்றச்சாட்டுகளும் விழுந்தன. வயோமிங்கில் தலைமை நீதிபதி ஹோவ் 1870 மார்ச்சில் லாரமி நகர ஜூரியில் பெண்களை அமர்த்தியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. முந்தைய டிசம்பரில்தான் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்திருந்தது. மறு வருடம் வேறு தலைமை நீதிபதி வந்ததும் அந்த வழக்கம் நின்றது. நாலு வருடப் பதவியின் இன்னொரு விளைவு இது.

இவ்வளவு நொண்டி நாற்காலியில் உட்கார்ந்தும் சிலர் நல்ல சட்டம் எழுதினார்கள். அயோவா பிரதேச உச்ச நீதிமன்றத்தின் முதல் பதிவான தீர்ப்பு 1839 ஜூலையில் வந்தது. ரால்ஃப் என்ற அடிமை, 550 டாலர் கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்வதாக மிசூரியில் தன் உரிமையாளர் மான்ட்கமரியோடு ஒப்பந்தம் செய்து, டுபியூக் ஈயச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தார். சம்பாதித்தது சாப்பாட்டுக்கே போயிற்று, கடன் தீரவில்லை. ஆள்பிடிப்பவர்கள் வந்து அவரை இழுத்துச் செல்லும்போது பக்கத்தில் இருந்த ஒரு விவசாயி நீதிபதி தாமஸ் வில்சனிடம் ஓடினார். ஆட்கொணர்வு ஆணை பிறந்தது. மூவர் அமர்வுக்காகத் தீர்ப்பெழுதியவர் தலைமை நீதிபதி சார்லஸ் மேசன். 1829-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதியான ராபர்ட் லீயை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலாவதாகத் தேறியவர். ரால்ஃப் கடன்பட்டிருக்கலாம், கடனைக் கேட்கலாம். ஆனால் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண்ணில் கடனுக்காக ஒருவரை அடிமையாக்க முடியாது என்றது தீர்ப்பு. 18 வருடம் கழித்து, அடிமைமுறை இல்லாத மண்ணில் வாழ்ந்தவருக்கும் விடுதலை மறுத்த ட்ரெட் ஸ்காட் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் போனதை நினைத்தால், சம்பளம் குறைந்த மூன்று எல்லைப்புற நீதிபதிகள் செய்தது சாதாரணம் அல்ல.

கொலராடோவின் மோசஸ் ஹாலட் வேறு வகை. தங்கம் தேடி வந்து வழக்கறிஞராகத் தங்கிவிட்ட உள்ளூர்க்காரர். வெளியூர் நீதிபதிகளால் அலுத்துப்போன சட்டமன்றமே உள்ளூர் ஆள் வேண்டும் என்று கேட்டு, 1866-ல் தலைமை நீதிபதியானவர். 1876-ல் கொலராடோ மாநிலமாகும்வரை இருந்தார். 1872-ல் அவர்முன் வந்தது ஒரு வாய்க்கால் வழக்கு. அண்டை விவசாயிகள் வாய்ப்பேச்சிலேயே உடன்பட்டு வெட்டிய வாய்க்கால். பின்னால் ஒருவருக்குத் தண்ணீர் நின்றது. நிலத்தில் உரிமை வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய விதி. மழை பெய்கிற நாட்டுக்கு எழுதிய விதி அது. பாசனம் இல்லாமல் விளையாத நாட்டில் தண்ணீர் அடுத்தவர் நிலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்த உரிமை எழுத்திலிருந்து வரவில்லை, தேவையிலிருந்தும் இந்த மண்ணின் சட்டத்திலிருந்தும் வருகிறது என்றார் ஹாலட். வறண்ட மேற்கின் தண்ணீர்ச் சட்டத்தைப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் போகிறார்கள்.

கடைசியாக, கட்டுரையை முடிக்கும் அந்த அலங்கார மரண தண்டனை வசனம். வசந்தம் வரும், புல் தளிர்க்கும், நீ பார்க்க இருக்க மாட்டாய் என்று பீன் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். அதன் மூலமாகச் சொல்லப்படுவது நியூ மெக்சிகோவின் கிர்பி பெனடிக்ட் டாவோஸ் ஊரில் ஹொசே மரியா மார்ட்டினுக்கு விதித்த தண்டனை. பெனடிக்ட் 1853-ல் இணை நீதிபதி, 1858-ல் தலைமை நீதிபதி. ஸ்பானிய மொழியில் சரளம், குடியிலும் குறைவில்லை. இல்லினாய் நாட்களில் லிங்கனுக்குப் பழக்கம். அவர் சொன்னதாக உலவுவதை ஊதிப் பெருக்கி, குற்றவாளியின் பெயரையும் நீட்டி, ஒருமுறை பீன் பேரிலும் மறுமுறை பார்க்கர் பேரிலும் சுற்றவிட்டிருக்கிறார்கள். திருத்தம் வெளியிடும்போது அந்தப் பத்தியை பெனடிக்ட் பேருக்கு மாற்றி, 'சொன்னதாகக் கூறப்படுவது' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிடுங்கள். பார்க்கர் படத்துக்குக் கீழே 'பிரதேச நீதிபதி' என்று இருப்பதை 'கூட்டாட்சி மாவட்ட நீதிபதி' என்று மாற்றவும். பீன் படம் தேவையே இல்லை. அந்த இடத்தில் ஹாலட் படத்தைப் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் ஞாயிறு இணைப்பின் வாசகர்